சின்ன மாற்றத்துக்கும் பில் வரும்

(மாதுங்காவில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மாதுங்கா, செம்பூர் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் பழைய கட்டடத்தை இடிக்கும் தூசிதான். ரீடெவலப்மெண்ட் பேசும்போது சதுர அடி, கார்ப்பஸ், மாத வாடகை மூன்றையும் விலாவாரியாகப் பேசுகிறோம். வீட்டுக்குள் என்ன மாற்றம் வேண்டும் என்பது சுவர் எழும்பிய பிறகுதான் ஞாபகம் வருகிறது.

அடுப்பு மேடை கிழக்குப் பார்த்து வேண்டும், ஸ்வாமிக்கு ஒரு மாடம் வேண்டும், பாத்ரூமில் அம்மாவுக்குக் கைப்பிடி வேண்டும். சைட் எஞ்சினியர் சிரித்துக்கொண்டே "ஹோ ஜாயேகா, அங்கிள்" என்பார். தொகை பற்றிப் பேச்சே இருக்காது. செம்பூரில் எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற தம்பதிக்கு, கிரகப்பிரவேசத்துக்கு ஒதுக்கியதைவிடப் பெரிய பில் சாவி வாங்கும் சமயத்தில் வந்தது. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் அனுப்பியாகிவிட்டது. பேரம் பேச வழியேது? கட்டிவிட்டுத்தான் சாவி வாங்கினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் வருஷத்து ரேரா சட்டம் 14-ஆம் பிரிவுப்படி, நம் ஃப்ளாட்டின் பிளானை பில்டர் நம் சம்மதமின்றி மாற்றக் கூடாது. 1963-ஆம் வருஷத்து மஹாராஷ்டிர ஃப்ளாட் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. ஆனால் மாற்றத்தை நாமே கேட்டால்? சிறு மாற்றம் செய்யலாம் என்பதோடு சரி, அதற்கு என்ன ரேட் என்று ரேராவில் இல்லை. தவிர, புதிதாக வாங்குபவருக்குள்ள ரேரா பாதுகாப்பெல்லாம் சொஸைட்டியின் பழைய அங்கத்தினருக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். அவருக்கு டெவலப்மெண்ட் அக்ரிமெண்ட்தான் பிரமாணம்.

பில்டர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. இப்போது பல கட்டடங்களில் அலுமினியம் அச்சு வைத்துச் சுவரையும் தளத்தையும் ஒன்றாகவே கான்கிரீட்டில் வார்க்கிறார்கள். செங்கல் சுவர் மாதிரி உளி வைத்து மாடம் குடைய முடியாது. பாத்ரூமை நகர்த்தினால் வாட்டர்ப்ரூஃபிங்கையும் புதிதாகச் செய்தாக வேண்டும். பிளானே மாறுகிறதென்றால் மாநகராட்சிக்கும் போக வேண்டும். (அங்கே கட்டட அனுமதிக்குப் பெயரே "இண்டிமேஷன் ஆஃப் டிஸ்அப்ரூவல்"!)

ஆகவே கேட்பதை வார்ப்புக்கு முன் கேளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொகை எவ்வளவு, ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, பொஸெஷன் தள்ளிப்போகுமா என்று எழுத்தில் வாங்கியபின் சம்மதம் சொல்லுங்கள். நகல் சொஸைட்டி செக்ரட்டரிக்கும் போகட்டும். பில்டர் தரும் டைல்ஸ் வேண்டாம் என்றால் அதன் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். கூட்டுவதை மறக்காதவர்கள் கழிப்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

பில்லுக்குப் பயந்து, சாவி வாங்கியபின் வெளி ஆளை வைத்துச் சுவரை உடைக்கிறவர்களும் உண்டு. கட்டடக் குறைகளை ஐந்து வருஷம் வரை பில்டர் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்று ரேரா சொல்கிறது. மஹாராஷ்டிர மாதிரி ஒப்பந்தமோ, பில்டரின் எழுத்து மூலமான சம்மதமின்றி மாற்றம் செய்தால் அந்தப் பொறுப்பு போய்விடும் என்கிறது. கசிவு வந்தால் செலவு நம்முடையது.

அக்ரிமெண்டைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள், காபிக்குப் பிறகு இங்கேயே இருங்கள். அந்த ஷரத்தைச் சேர்ந்தே படித்துப் பார்க்கலாம்.