வீட்டுப் பெட்டியும் நெடுந்தூரப் பாடமும்
(உடுமலைப்பேட்டையில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் வீட்டில் இப்போது ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. இரண்டு வன்தட்டுகளைப் போட்டு ரவுட்டரோடு இணைத்துவிட்டால், பாடக் காணொளி, வினாத்தாள், பிள்ளைகள் செய்த செயல்திட்டப் படங்கள் எல்லாம் அதற்குள் சேரும். என்.ஏ.எஸ். என்கிறார்கள். நான் சேமிப்புப் பெட்டி என்றே சொல்கிறேன். வீட்டுக்குள் இருந்து திறந்தால் மின்னல் போல வேலை செய்யும். வெளியூரிலிருந்து திறந்தால் படுத்துவிடும். ஏன் படுக்கிறது, என்ன செய்தால் எழும் என்பதுதான் இன்றைய பேச்சு.

எனக்கு இது ஒரு வகுப்பு நேரத்தின் பிரச்சினையாக வந்தது. என்னிடம் படித்த பெண் ஒருவர் இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறார். அங்கே ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் தமிழ் சொல்லித் தருகிறார். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டே வளராத பிள்ளைகள் அவர்கள். நம் ஊர்க்காரர்கள் கதை சொல்லியும் விடுகதை போட்டும் பேசிய ஒலிப்பதிவுகள் பல ஆண்டுகளாக என் பெட்டியில் சேர்ந்திருக்கின்றன. அவற்றை வகுப்பில் போட்டுக் காட்ட விரும்பினார். அவர்களுக்கு ஞாயிறு காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். அதில் இருபது நிமிடம் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் எத்தனை வாரம் பொறுப்பார்கள்?

இதை நண்பர்களிடம் சொன்னபோது வந்த முதல் யோசனை: “ஏனுங்க சார், 100 எம்.பி. பிளானை 300 எம்.பி. ஆக்கிட்டாச் சரியாயிருமுங்களே?” சரியாகாது என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளியே போக வேண்டியதில்லை. சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணைக்கு வரும் காண்டூர் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் ஏறத்தாழ 49 கிலோமீட்டர். கால்வாயை அகலப்படுத்தினால் ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் வரும், சரி. ஆனால் அங்கே மதகைத் திறந்த முதல் தண்ணீர் இங்கே வந்து சேர ஆகும் நேரத்தை அகலம் போக்கிவிடாது. 49 கிலோமீட்டர் 49 கிலோமீட்டர்தான். இணையத்திலும் அகலம் வேறு, போய்வரும் நேரம் வேறு. நாம் காசு கொடுத்து வாங்குவது அகலத்தை மட்டும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து கலிபோர்னியாவுக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போய்வர 28,000. எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் 140 மில்லி நொடி ஆகும். கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. வழியில் ஊர் ஊராக நின்று திரும்பிப் போகிறது. நாங்கள் அளந்தபோது ஏறத்தாழ 250 மில்லி நொடி, அதாவது கால் நொடி. இந்தக் கால் நொடியை எந்தப் பிளானும் குறைக்காது.

போய்வரும் நேரம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தமான் நல்ல எடுத்துக்காட்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. தீவுகளுக்கிடையிலான பகுதிகளையும் சேர்த்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் அத்தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. அந்தச் செயற்கைக்கோள் நிற்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கேள்வி மேலே ஏறி இறங்க வேண்டும், பதிலும் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் அரை நொடி அதிலேயே போய்விடும். கேபிள் வந்தபோது அகலம் கூடியதைத்தான் எல்லாரும் பேசினார்கள். அந்த அரை நொடி சில பத்து மில்லி நொடியாகச் சுருங்கியதும் அதே அளவு பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

சரி, கால் நொடிதானே, அதனால் என்ன என்று தோன்றும். இங்கேதான் கணக்கு இருக்கிறது. கணித ஆசிரியர்கள் வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். டி.சி.பி. என்ற முறை ஒரு கட்டுத் தரவை அனுப்பிவிட்டு, “வந்து சேர்ந்தது” என்ற பதில் வரக் காத்திருக்கும். பழைய அமைப்பில் ஒரு கட்டின் உச்ச அளவு 64 கிலோபைட். நொடிக்கு நான்கு முறைதான் போய்வர முடியும் என்றால், நொடிக்குச் சுமார் 260 கிலோபைட்தான் போகும். 300 மெகாபைட் காணொளி ஒன்று 100 எம்.பி. இணைப்பில் 24 நொடியில் போக வேண்டியது. இந்த வகையில் 19 நிமிடம் ஆகும். குழாய் காலியாகவே கிடக்கும், நாம் பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்போம். 1992 இல் இந்த உச்ச அளவைப் பெரிதாக்க வழி செய்துவிட்டார்கள். இன்றைய கணினிகளில் அது தானாகவே நடக்கும். ஆனால் பழைய பெட்டிகளிலும், சில செயலிகளிலும் கட்டின் அளவு இன்னும் சிறிதாகவே இருக்கிறது. 100 எம்.பி. குழாயைக் கால் நொடித் தூரத்துக்கு நிரப்ப 3 மெகாபைட்டுக்கு மேல் கட்டு வேண்டும்.

இரண்டாவது, பொட்டலம் தொலைவது. ஆயிரத்தில் ஒன்று தொலைந்தால் பெரிய விஷயமில்லை என்று நினைப்போம். தொலைந்ததும் டி.சி.பி. பயந்து வேகத்தைக் குறைத்துவிடும். பிறகு பதில் வர வர மெல்ல ஏற்றும். போய்வர 5 மில்லி நொடி என்றால் உடனே மீண்டுவிடும். 250 மில்லி நொடி என்றால் மீள்வதற்குள் அடுத்தது தொலையும். பழைய வகை டி.சி.பி.க்கான கணக்குப்படி, அதே ஆயிரத்துக்கு ஒன்று இழப்பில் பக்கத்தில் 90 எம்.பி. கிடைத்தால், தூரத்தில் 2 எம்.பி.கூடக் கிடைக்காது. இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜ தூரம்தான். நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு நெரிசலில் 40 பிட்டுக்கு விழுந்தது. வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து 1988 இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த அடக்கம் டி.சி.பி.க்கு வந்தது. 2016 இல் கூகுள் வெளியிட்ட பி.பி.ஆர். என்ற முறை, இழப்பைப் பார்த்துப் பயப்படாமல் உண்மையான அகலத்தை அளந்து ஓட்டுகிறது. உங்கள் பெட்டியில் அதற்கு இடமிருந்தால் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவதுதான் பெரியது என்பேன். வீட்டுக்குள் நாம் பயன்படுத்தும் விண்டோஸ் கோப்புப் பகிர்வு, அதாவது எஸ்.எம்.பி., மிகவும் பேசும். கோப்புறையைத் திறந்தால் “இது என்ன, எவ்வளவு பெரியது, சின்னப் படம் காட்டவா” என்று கோப்புக்குக் கோப்பு கேட்கும். 400 படங்கள், படத்துக்கு மூன்று கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 கேள்வி. வீட்டில் ஒரு மில்லி நொடி வீதம் ஒன்றேகால் நொடியில் முடியும். கால் நொடி வீதம் ஐந்து நிமிடம். இன்னும் ஒரு படம்கூடத் திறக்கவில்லை, பட்டியல்தான் வந்திருக்கிறது. இதற்கு மருந்து மிக எளிது: படங்களை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி வைப்பது.

இனி செய்ய வேண்டியவை. முதலில் அளங்கள். வெளியூரிலிருந்து உங்கள் வீட்டுக்கு பிங் போட்டுப் போய்வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் பதிவேற்ற வேகம் என்ன என்று பாருங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பதிவிறக்க வேகம். வெளியிலிருந்து நீங்கள் இறக்குவது வீட்டுக்குப் பதிவேற்றம். பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பு என்றால் அது 1 எம்.பி.கூட இருக்காது, அங்கே மட்டும்தான் பிளானை மாற்றுவது பலன் தரும். பெட்டியை ஒய்-ஃபையில் வைக்காதீர்கள். ரவுட்டருக்குக் கம்பி இழுங்கள். ஆயிரத்தில் ஒன்று தொலைவது பெரும்பாலும் நம் வீட்டு ஹாலிலேயேதான்.

அடுத்து, ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், உங்களுக்கென்று தனி முகவரி இல்லை. ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. அப்போது வெளியிலிருந்து யாரும் நேராக உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. பெட்டியோடு வரும் செயலிகள் வேறெங்கோ உள்ள இடைச் சேவையகம் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். பொள்ளாச்சிக்குப் போக மதுரை வழியாகச் சுற்றுவது போல. அந்த இடைவழியில் வேக வரம்பும் இருக்கலாம். இதற்கு ஐ.பி.வி.6 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேரடி இணைப்பு பெரும்பாலும் கிடைக்கும். இல்லையேல் நிலையான முகவரி கேட்டு வாங்கலாம். டெயில்ஸ்கேல் போன்றவை இணைப்பு நேரடியா, இடைவழியா என்று காட்டும். அந்த ஒரு வரியைப் பார்க்கப் பழகுங்கள்.

வி.பி.என். போடுவதானால் வயர்கார்டு நல்லது. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்துவிட்டது, யு.டி.பி.யில் ஓடுவதால் டி.சி.பி.க்குள் டி.சி.பி.யை அடைக்கும் தொல்லை இல்லை. பட்டியல் வருகிறது, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கிறது என்றால், எம்.டி.யு. எண்ணை 1420 இலிருந்து 1380க்கு இறக்கிப் பாருங்கள். ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: வேகம் வரும் என்று ரவுட்டரில் 445ஆம் வாயிலைத் திறந்து விடுவது. 2017 மே மாதம் வன்னாகிரை உலகம் முழுக்கப் பரவியது அந்த வாயில் வழியாகத்தான்.

இவ்வளவும் செய்து எங்கள் கால் நொடி கால் நொடியாகவே இருந்தது. காணொளி ஓரளவு ஓடியது. வகுப்புக்கு அது போதாது. பிறகு எடுத்த முடிவுதான் பிரச்சினையைத் தீர்த்தது: வகுப்பு நேரத்தில் தூரத்தைக் கடப்பதையே விட்டுவிட்டோம். அவர் வீட்டிலும் ஒரு பழைய மடிக்கணினியில் அதே கோப்புறை இருக்கிறது. இங்கே புதிதாக ஒன்று சேர்ந்தால் இரவு மூன்று மணிக்கு அங்கே போய்விடும். மண்டலம் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் வாங்குகிற ஊர்க்காரர்கள் நாம். கரண்ட் வரும் நேரம் பார்த்து நடு இராத்திரியில் மோட்டார் போட எழுந்தவர்கள். இது புதிதல்ல. சிங்க்திங் என்ற இலவச மென்பொருள் போதும். பழைய ஆர்சிங்க் இன்னும் சிக்கனம். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் 1996 இல் எழுதியது. மெதுவான இணைப்பில் முழுக் கோப்பையும் அனுப்பாமல் மாறிய துண்டை மட்டும் அனுப்பும்.

அனுப்பும் முன் இளைக்க வையுங்கள். செல்பேசியில் எடுத்த பத்து நிமிடக் காணொளி ஒரு ஜி.பி.யைத் தாண்டும். வகுப்புத் திரைக்கு 480 அளவில் மாற்றினால் 75 மெகாபைட். ஒலிப்பதிவு இன்னும் இளைக்கும்: நிமிடத்துக்கு 10 மெகாபைட் பிடிக்கும் வேவ் கோப்பு, ஓபஸ் வடிவில் கால் மெகாபைட்டுக்குள் அடங்கும், பேச்சு தெளிவாகவே கேட்கும். மூலப் பதிவை அழிக்க வேண்டாம், அது இங்கேயே இருக்கட்டும்.

பிள்ளைகளின் குரலும் படமும் உள்ளவற்றை இப்படிப் பகிர முடியாது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் குழந்தை. பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நாங்கள் அனுப்பும் கோப்புறையில் ஒப்புதல் தந்த பெரியவர்களின் பதிவுகள் மட்டுமே இருக்கின்றன. மாணவர் பதிவுகள் தனிக் கோப்புறையில், வெளியே போகாத இடத்தில்.

“நம்ம பள்ளிக்கு இதனால என்னங்க?” என்று பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. தூரம் கலிபோர்னியாவாக இருக்க வேண்டியதில்லை. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருபது கணினிகள் ஒரே காணொளியை ஒரே பாடவேளையில் இழுத்தாலும் இதே கதைதான். முதல் நாளே ஒரு கணினியில் இறக்கி, ஆய்வகத்துக்குள் பகிருங்கள். 2018 முதல் நம் பாடநூல்களில் வந்த விரைவுக் குறியீட்டுக் காணொளிகளையும் தீக்‌ஷா செயலியில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

குருமலை, குழிப்பட்டி போன்ற மலைக்குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவதென்றால் கம்பியையே நம்பாதீர்கள். 64 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டு இரண்டு மணி நேரம் பயணம் செய்தால், கணக்குப்படி அது நொடிக்கு 70 எம்.பி.க்கு மேல். போய்வரும் நேரம் மட்டும் நான்கு மணி நேரம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு பென்டிரைவும், உங்கள் வீட்டு பிங் எண்ணும் கொண்டுவாருங்கள். ரவுட்டரில் தெரியும் முகவரியின் முதல் இரண்டு எண்களையும் குறித்து வந்தால் அன்றே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.