செருப்புத் தைத்த பட்டன்
(குளச்சலில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில், வில்லுப்பாட்டுக்கு முன் நிகழ்த்திய உரை)



இன்று கூலியைப் பற்றியோ பஞ்சப்படியைப் பற்றியோ பேச வரவில்லை. காதலைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். உழைத்துக் களைத்து வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். உழைக்கிறவன் வீட்டுப் பெண்ணைக் காதலித்தவன் கதை உழைக்கிறவனுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

முதலில் கொஞ்சம் தூரம் போய் வருவோம். 1865-ம் ஆண்டு ஜூன் 10-ம் தேதி ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்தில் ஓர் இசை நாடகம் அரங்கேறியது. பெயர் 'டிரிஸ்டானும் இசோல்டேயும்'. எழுதி இசையமைத்தவர் ரிச்சர்ட் வாக்னர். இந்த மனிதர் 1849-ல் டிரெஸ்டன் நகரத்துக் கிளர்ச்சியில் ஜனங்களோடு சேர்ந்து நின்று, பிடிவாரண்டுக்குத் தப்பி ஸ்விட்சர்லாந்துக்கு ஓடியவர். அடுத்த ஆண்டே யூதர்களை இழிவுபடுத்திக் கட்டுரை எழுதியவரும் அவரேதான். இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நாடகத்தை வியன்னாவில் போடப் பார்த்தார்கள். எழுபதுக்கு மேல் ஒத்திகை நடந்தும் முடியாது என்று கைவிட்டார்கள். கடைசியில் பவேரியா நாட்டு இளம் ராஜா லுட்விக் காசு கொடுத்த பிறகுதான் மேடை ஏறியது.

கதை இதுதான். கார்ன்வால் ராஜாவுக்குப் பெண்ணாக அயர்லாந்து இளவரசி இசோல்டேயைக் கப்பலில் அழைத்து வருகிறான் ராஜாவின் மருமகன் டிரிஸ்டான். வழியில் இருவரும் மருந்து கலந்த பானம் ஒன்றைக் குடிக்கிறார்கள். விஷம் என்று நினைத்துக் குடித்தது காதல் மருந்தாக இருக்கிறது. பிறகு இரவில் மறைந்து சந்திக்கிறார்கள், பிடிபடுகிறார்கள். காயம்பட்ட டிரிஸ்டான் தன் ஊருக்குப் போய் அவள் வரும் கப்பலுக்காகக் காத்துக் கிடக்கிறான். அந்த இடத்தில் ஓர் ஆட்டிடையன் வருகிறான். கடலைப் பார்த்துக் குழல் ஊதுகிறான். கப்பலைக் காணாதவரை சோக ராகம். கப்பல் தெரிந்தால் சந்தோஷ ராகம். குளச்சல்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? புயல் நாளில் கரையில் நின்று வள்ளத்தைத் தேடிய கண்கள்தானே இங்கே உட்கார்ந்திருக்கின்றன! ராஜாவும் ராணியும் வீரனும் நிறைந்த அந்த நாடகத்தில் நம் நெஞ்சில் நிற்பவன் இந்த இடையன்தான். கப்பல் வருகிறது, அவள் கரையேறுகிறாள், அவன் அவள் கையில் உயிரை விடுகிறான். அவளும் பாடிக்கொண்டே அவன் மேல் சாய்ந்து போகிறாள்.

இதில் இசையின் சங்கதி ஒன்று உண்டு. நாடகம் தொடங்கும்போதே நாலு சுரங்கள் ஒன்றாக ஒலிக்கின்றன. கேட்கிறவன் காது, அது அடுத்து ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று ஏங்கும். நிற்காது. ஏக்கம் இன்னோர் ஏக்கத்தில் போய் முடியும். பாட்டுக்காரன் பல்லவியை முடிக்காமல் விட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படி ஏறத்தாழ நாலு மணி நேரம்! கடைசியில், இசோல்டே சாயும்போதுதான் அந்தச் சுரம் தன் வீட்டுக்கு வந்து சேர்கிறது. தடுக்கப்பட்ட காதலைச் சொல்ல அவர் இசையின் சட்டத்தையே வளைத்தார். பிறகு வந்த ஷோன்பெர்க் அந்தச் சட்டத்தை அடியோடு விட்டுவிட்டார். 1958-ல் வந்த 'வெர்டிகோ' என்ற அமெரிக்கப் படத்தின் இசையில்கூட இந்த ஏக்கம் கேட்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

ம்யூனிக்கில் ராஜா காசு கொடுத்துத் தடைபட்ட காதலைப் பாட வைத்தார். நம் நாட்டிலோ எந்த ராஜாவும் காசு கொடுக்காமல், கோயில் கொடையில், ராந்தல் வெளிச்சத்தில், வில்லைக் கட்டிக்கொண்டு ஒரு கதையைப் பாடி வந்தார்கள். அதுதான் முத்துப்பட்டன் கதை.

முத்துப்பட்டன் பிராமணன். அண்ணன்மாரோடு பிணங்கிக்கொண்டு மலையாளம் போய், கொட்டாரக்கரை ராஜாவிடம் சேவகம் பார்த்தான். திரும்பி வருகிற வழியில், பாபநாசத்து மலையில், இரண்டு பெண்கள் பாடும் குரல் கேட்டது. பொம்மக்கா, திம்மக்கா. மாட்டுக்கிடைக்குக் காவல் இருந்த, செருப்புத் தைக்கும் அருந்ததியரான வாலப்பகடையின் மக்கள். டிரிஸ்டான் குடித்தது மருந்து. நம் பட்டன் குடித்தது பாட்டு. மருந்து குடித்தவன், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிக்கொள்ளலாம். பாட்டைக் கேட்டவன் தெரிந்தே போனான்.

பெண் கேட்கிறான். வாலப்பகடை என்ன செய்தான்? பிராமணன் பெண் கேட்டான் என்று காலில் விழுந்தானா? இல்லை! பூணூலை அறுக்க வேண்டும். குடுமியைக் களைய வேண்டும். தோலைத் தொட்டுச் செருப்புத் தைத்து வரவேண்டும் என்றான். தோழர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். மேல்ஜாதிக்காரன் கீழே இறங்கி வந்து கருணை காட்டும் கதையல்ல இது. உழைப்பைப் படித்துவிட்டு வா, பிறகு பெண் தருகிறேன் என்று உழைப்பாளி போட்ட நிபந்தனை. அண்ணன்மார் பட்டனை அடைத்து வைத்துப் பார்த்தார்கள். அவன் தப்பி வந்தான், தோலைத் தைத்தான், கல்யாணம் நடந்தது.

கல்யாண இரவிலேயே கள்ளர்கள் கிடை மாட்டை ஓட்டிப் போனார்கள். மாமனார் வேலை இப்போது மருமகன் வேலை. பட்டன் ஓடினான், சண்டையிட்டு மாட்டை மீட்டான். ஒளிந்து கிடந்த ஒருவன் அவனைக் குத்திக் கொன்றான். பெண்கள் இருவரும் சிங்கம்பட்டி ஜமீனிடம் போய் அனுமதி கேட்டு, அவன் சிதையில் ஏறினார்கள்.

இங்கே நாம் நிறுத்திச் சொல்ல வேண்டியது உண்டு. ஜாதியை அறுத்த கதைகூடப் பெண்ணை நெருப்பில் ஏற்றித்தான் முடிகிறது. ஜெர்மன்காரர் நாடகத்திலும் அவள் அவன் மேல் சாய்ந்துதான் சாக வேண்டியிருக்கிறது. நிலப்பிரபுத்துவம் தன் பங்கை வாங்காமல் விடுவதில்லை. இதைப் பெருமையாகப் பாட வேண்டியதில்லை.

இன்னொரு மோசடியும் நடந்தது. கதையின் பிற்காலப் பாடத்தில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிராமணக் குலத்தில் பிறந்து காட்டில் கிடைத்தவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான், அவ்வளவுதான் என்று சேர்த்துவிட்டார்கள். பார்த்தீர்களா சாமர்த்தியத்தை! கலப்புமணத்தை ஒரே வரியில் சுயஜாதிக் கல்யாணமாக்கி விட்டார்கள். பெண்கள் பிராமணர்களாகவே இருந்தால் பட்டன் ஏன் பூணூலை அறுத்தான்? ஏன் செருப்புத் தைத்தான்? இது பிற்சேர்க்கை என்று எடுத்துக் காட்டியவர் நாங்குநேரி தந்த பேராசிரியர் நா. வானமாமலை. நெல்லையில் ஆய்வுக்குழு அமைத்து, பாடுகிறவர்களின் வாயிலிருந்தும் ஏட்டிலிருந்தும் இந்தக் கதைகளைச் சேர்த்த கம்யூனிஸ்ட் அவர். அவர் பதிப்பித்த 'முத்துப்பட்டன் கதை'யை 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

இனி வில்லைப் பற்றி. வாக்னருக்கு நூறு வாத்தியம் வேண்டும். நமக்கு மணி கட்டிய வில், வீசுகோல், உடுக்கு, தாளம், கட்டை, ஒரு மண்குடம். புலவர் நடுவில், வலப்பக்கமும் இடப்பக்கமும் வாங்கிப் பாடுகிறவர்கள். கதை பிறப்பில் நிதானமாக நடக்கும். சாவை நெருங்க நெருங்க வீசுகோல் வேகம் பிடிக்கும், குடம் அதிரும், கோமரத்தாடிக்கு அருள் வரும். அங்கே சுரத்தால் ஏற்றிய ஏக்கத்தை இங்கே காலத்தால், தாளத்தால் ஏற்றுகிறார்கள். ஒரு வேறுபாடு: அங்கே டிக்கெட் வாங்கியவன் இருட்டில் உட்கார்ந்து கேட்டான், இங்கே கேட்கிறவனே எழுந்து ஆடுகிறான்.

இந்த வில் நாஞ்சில் நாட்டின் சொத்து. நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர் என். எஸ். கிருஷ்ணன் இதைக் கோயில் வாசலிலிருந்து எடுத்து, காந்தி கதை பாடி நகரத்து மேடையில் ஏற்றினார். அவரோடு இருந்த சுப்பு ஆறுமுகம் வானொலி வழியாக எல்லா ஊருக்கும் கொண்டு போனார். 2021-ல் பத்மஸ்ரீ விருது வந்தது, அடுத்த ஆண்டு மறைந்தார். இங்கே பக்கத்தில் கொட்டாரத்து பூங்கனி அம்மாள், பெண்கள் வில்லடிக்க அஞ்சிய நாளில் சிறுமியாக மேடை ஏறியவர், 2018-ல் வறுமையில் கண் மூடினார். இதே குளச்சல் கடற்கரையில் 1741-ல் டச்சுக்காரனை வென்ற ராஜாவுக்கு வெற்றித் தூண் நிற்கிறது. கதை பாடிய தொண்டைக்கு என்ன நிற்கிறது?

பழைய கதைதானே என்று சொல்லிவிட முடியாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், ஜாதி மாறி மணந்த இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான். பார்த்துக்கொண்டு நின்றது ஊர். இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அரசாங்கங்களுக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் கொலைகள் நின்றபாடில்லை. முத்துப்பட்டன் காலத்து அண்ணன்மார் அடைத்துத்தான் வைத்தார்கள். இந்தக் காலத்து உறவினர் அரிவாள் எடுக்கிறார்கள்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டன் பட்டவராயனாக நிற்கிறான். ஆடி அமாவாசைக்கு நம்மவர்கள் வண்டி வண்டியாகப் போகிறார்கள். 1885-ல் அருவித் தண்ணீரின் விசையில் நூல் நூற்கத் தொடங்கிய ஹார்வி மில் அந்த மலையின் காலடியில்தான். மில் பஞ்சில் புரண்ட கைகளும் அந்தச் சன்னதியில் செருப்பைத் தொங்கவிட்டிருக்கின்றன. ஆம், தோழர்களே, காணிக்கை செருப்புத்தான்! எந்தக் கோயில் வாசலிலும் கழற்றிப் போடச் சொல்லும் செருப்பு அங்கே சாமிக்குப் படையல். இரவில் பட்டன் போட்டு நடக்கிறான், அதனால்தான் தேய்ந்திருக்கிறது என்று ஜனங்கள் சொல்கிறார்கள். தேய்மானத்தைப் பற்றி நாம் வாதாட வேண்டாம். தோல் தைத்தவனின் கைவேலை சன்னதிக்குள் போயிருக்கிறது, அதைப் பார்ப்போம்.

வில்லுக் குழு குடத்தோடு காத்திருக்கிறது. எந்தப் பாடத்தைப் பாடப் போகிறீர்கள் என்று புலவரிடம் கேட்டோம். பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற மக்கள், அப்படியே பாடுவோம் என்றார். நாம் இறங்கிக்கொள்கிறோம், அவர்கள் ஏறட்டும்.