ஆராய்ச்சிப் பணம் யார் பேரில் வருகிறது?

(திருவண்ணாமலையில் மாணவர்கள் நடத்திய ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



இணையவழிக் கல்வி, தொலைதூரக் கல்வி பற்றிய ஆய்வுகளுக்கு நிதி கேட்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த ஒரு தோழர், "மேலவளவு பேசுற மேடையில கம்ப்யூட்டர் காசைப் பத்தியா பேசப்போற?" என்று கேட்டார். ஆமாம், அதைத்தான் பேசப்போகிறேன். நிலம், தண்ணீர், சுடுகாட்டுப் பாதை, கோயில் என்று எதைக் கேட்டாலும் அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி. அறிவு விஷயத்திலும் அதே கேள்விதான்.

அம்பேத்கரிடமிருந்தே தொடங்கலாம். 1913-இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. திரும்பி வந்து சமஸ்தானத்தில் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினார். 1917-இல் அந்த வேலைக்குப் போன இடத்தில், தங்கியிருந்த விடுதியிலிருந்து சாதி சொல்லித் துரத்தினார்கள். அவர் நிதி கேட்பதை அதோடு விட்டுவிடவில்லை. 1942-இல் வைஸ்ராயிடம் மனு கொடுத்தார். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் அந்தப் பணத்தில் படித்தவர்கள்தான், நானும் உட்பட. அதனால நிதி கேக்குறதைப் பிச்சைன்னு நெனைக்காதீங்க. அது நம்ம பங்கு.

இப்போது கணினிக்கு வருகிறேன். ஐ.ஐ.டி. பாடங்களை ஒளிப்பதிவு செய்யும் என்.பி.டி.இ.எல். 2003-இல் மைய அரசின் நிதியில் தொடங்கியது. எஜுசாட் செயற்கைக்கோள் 2004-இல் ஏவப்பட்டது. தகவல் தொழில்நுட்பம் வழியாகக் கல்வி என்ற தேசிய இயக்கம் 2009-இல் வந்தது. ஸ்வயம் தளம் 2017-இல் வந்தது. எல்லாம் மக்கள் பணம். பாடம் தயாரிக்கவும் தளம் கட்டவும் பணம் இருந்தது. அந்தப் பாடம் சேரிக்குள் வந்து சேர்ந்ததா என்று சேரியிலிருந்தே ஒருவர் ஆராய்வதற்கு எவ்வளவு பணம் போனது?

இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-இல் ஐதராபாத்தில் தொடங்கியது. 1991-இல் அதற்கு அம்பேத்கர் பெயரை வைத்தார்கள். பேர் வெச்சது சரி. ஆராய்ச்சிக்குக் கேள்வி எழுதுறவன் யாரு?

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும், செல்போனில் வகுப்பு வரும் என்றார்கள். தண்டராம்பட்டுப் பக்கம் எங்கள் சேரியில் நான் மாலைநேர வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே நடந்ததைச் சொல்கிறேன். கலைஞர் கொடுத்த டி.வி. வீட்டில் இருந்தது, கேபிளுக்குக் கட்டக் காசில்லை. வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போகும், இல்லையென்றால் அண்ணனோடு பெங்களூர் கட்டட வேலைக்குப் போகும். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் முதலில் தம்பிக்கு. அக்கா பாத்திரம் கழுவி முடிக்கும்போது சார்ஜ் தீர்ந்திருக்கும். ஒரு பையன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முகப்புப் படமாக அம்பேத்கரை வைத்திருந்தான். அதை எடுக்கச் சொல்லி ஒரு ஆசிரியரிடமிருந்து செய்தி வந்தது. சாதி போனுக்குள்ளயும் வந்து உக்காந்துக்குச்சு.

இது எங்கள் சேரிக் கதை மட்டுமல்ல. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி கிராமத்து வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில், இணைய வசதி 14.9 சதவீதத்தில். 2021 ஆகஸ்டில் ஜான் டிரேஸ் போன்றோர் ஒருங்கிணைத்து, சுமார் 100 தன்னார்வலர்கள் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் கிட்டத்தட்ட 1,400 குழந்தைகளின் வீடுகளுக்குப் போய்க் கேட்டார்கள். தமிழ்நாடும் அதில் உண்டு. கிராமப்புற தலித், பழங்குடிக் குழந்தைகளில் இணையத்தில் தவறாமல் படித்தவர்கள் 4 சதவீதம். மற்ற கிராமக் குழந்தைகளில் 15 சதவீதம். இந்த உண்மையைச் சொன்னது பெரிய ஸ்டுடியோ அல்ல, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்ட இளைஞர்கள்.

அந்தத் தைரியத்தில் நானும் ஒரு ஆய்வுத் திட்டம் எழுதினேன். நான் கௌரவ விரிவுரையாளர். பெரிய நல்கைகளுக்கு முதன்மை ஆய்வாளராக இருக்கப் பொதுவாக நிரந்தர வேலை வேண்டும். நம் பிள்ளைகள் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுக் கௌரவ விரிவுரையாளராகவே கிடக்கும்போது இந்த விதி யாரை வெளியே நிறுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பேராசிரியர் பெயரில் அனுப்பினோம். நேர்காணலில் வரவுசெலவைப் புரட்டினார்கள். கேமரா இல்லை, மென்பொருள் இல்லை. சாயங்காலம் பிள்ளைகளோடு உட்காருகிற ஒரு அக்காவுக்கு மாதச் சம்பளம், டேட்டா செலவு, கேபிள் கட்டணம் என்று இருந்தது. "இது ஆராய்ச்சி இல்ல, சமூக சேவை" என்றார் ஒருவர். இன்னொருவர், "உங்க சேரியை நீங்களே ஆராய்ஞ்சா நடுநிலை இருக்குமா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் பதில் வந்தது. ஊர்த்தெருவிலிருந்து வந்து சேரியை ஆராய்ந்த யாரிடமாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்களா, ஐயா?

பணம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அக்காவும் நானும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். எந்த வீட்டில் போன், எத்தனை மணிக்கு, யார் கையில், டேட்டா எந்தத் தேதியில் தீர்கிறது என்று தினமும் எழுதினோம். வீடியோ பாடம் ரெண்டு நாளில் டேட்டாவைத் தின்றுவிடும். அதே பாடத்தைக் குரலாகப் பதிந்து அனுப்பினால் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இது புதிதும் அல்ல. தேனி மாவட்டத்தில் காமன்வெல்த் கற்றல் அமைப்பின் ஆதரவோடு விடியல் என்ற தொண்டு நிறுவனம் ஆடு வளர்க்கும் பெண்களுக்குக் கைபேசியில் குரல்வழிப் பாடம் கொடுத்தது. வங்கிக் கடனும் அதோடு இணைந்திருந்தது. சாதாரண போன்தான். பாடம் வாழ்க்கையோடு சேர்ந்திருந்தது. அந்த நோட்டை வைத்து இரண்டாவது விண்ணப்பம் எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் வரவில்லை.

மாணவர்களுக்குச் சில வார்த்தை. 'இணையக் கல்வியின் தாக்கம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'வீட்டுக்கு ஒரு போன் உள்ள சேரியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் எப்படிப் படிக்கிறாள்' என்று எழுதுங்கள். முதலில் கணக்கெடுங்கள், அப்புறம் காசு கேளுங்கள். விவரம் கையில் இருக்கிறவனைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். 'பயனாளிகள்' என்ற சொல்லை அடியுங்கள். விவரம் சேகரிக்கிற சேரி இளைஞருக்குச் சம்பளமும் வேண்டும், அறிக்கையில் பெயரும் வேண்டும். முடிவைத் தமிழில் அச்சடித்துச் சேரியில் வாசித்துக் காட்டுவதற்கும் வரவுசெலவில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

டெல்லியை மட்டும் பார்க்காதீர்கள். மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கைத் தனியே ஒதுக்கும் சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80-இலிருந்து இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். அந்த ஒதுக்கீட்டுக்கு 2024-இல் தமிழ்நாடு சட்டமே இயற்றியது. அந்தப் பணத்தில் கட்டடமும் ரோடும் மட்டும்தானா? நம் பிள்ளைகள் படிப்பை நாமே ஆராய ஒரு பங்கு கேட்க வேண்டும். தனித்தனியாக அல்ல, இயக்கமாகக் கேட்க வேண்டும்.

2023 ஜனவரி 30 அன்று, இதே மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தார்கள். பல தலைமுறை கழித்து. அந்தக் கதவுக்குக் காவல் நின்றவர்களை எல்லாருக்கும் தெரியும். ஆராய்ச்சிப் பணத்தின் கதவுக்குக் காவல் நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. விதிமுறை என்ற பெயரில் நிற்கிறார்கள். அங்கேயும் கூட்டமாகத்தான் போகணும். உங்க ஊர்லயும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதை எடுத்துட்டு வாங்க. சேர்ந்து விண்ணப்பம் எழுதுவோம்.

ஜெய்பீம்.