மக்கள் பங்கேற்பில் மக்கள் எங்கே?

(கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் மாணவர்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழக வளாகங்களை ஒட்டிய பகுதிகளை நீடித்த முறையில் வடிவமைப்பதில் மக்கள் பங்கேற்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த புதிது. சென்னையில் ஒரு வளாகத்தின் மதிலை ஒட்டி, கால்வாயோரம் இருக்கும் குடியிருப்பில் 'பங்கேற்பு வடிவமைப்புப் பட்டறை' நடந்தது. நான் உதவியாளன். சார்ட், ஸ்கெட்ச் பேனா, ஸ்டிக்கர், டீ, சமோசா எல்லாம் என் பொறுப்பு. பிடித்த இடத்தில் பச்சை ஸ்டிக்கர், பிரச்சினை உள்ள இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். புதன்கிழமை காலை 11 மணிக்கு வைத்திருந்தோம். வேலைக்குப் போகிற யாரும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், அன்றைக்கு லீவு போட்டவர்கள் சிலர் வந்தார்கள்.

விடுதி மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் அக்கா ஒருவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல எங்க வூடு எங்க இருக்குது?"

தேடினேன். கால்வாய் இருந்தது. மதில் இருந்தது. வளாகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டடமும் பெயரோடு இருந்தது. இந்தத் தெரு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை வண்ணம் பூசி, 'கால்வாயோரத் திறந்தவெளி' என்று எழுதியிருந்தது. அக்கா சிரித்தார். பச்சைக்கு மேலேயே சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார்.

அன்றைக்கு அந்தப் பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மதிலில் ஒரு சின்ன கேட் இருந்தது. மெஸ் வேலைக்கும் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலைக்கும் அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிட நடை. பாதுகாப்புக் காரணம் என்று பூட்டிவிட்டார்கள். இப்போது மெயின் ரோடு சுற்றிப் போக முக்கால் மணி நேரம். அதைத் திறந்துவிடச் சொன்னார்கள். சூரிய ஒளி விளக்கு கேட்கவில்லை, பூங்கா கேட்கவில்லை.

அறிக்கை வந்தது. கேட் அதில் இல்லை. மதில் மட்டும் இருந்தது, அதன் மேல் செங்குத்துத் தோட்டம் வரைந்திருந்தார்கள். உத்தப்புரத்துச் சுவரைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவன் நான். இந்தச் சுவருக்குச் செடி வைக்கிற படத்துக்கு விளக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தவனும் நானே. அறிக்கையின் பின்னிணைப்பில் 43 கையெழுத்துகளும் கைநாட்டுகளும். வருகைப் பதிவு என்று சொல்லி நான் நீட்டிய தாள் அது. அறிக்கையில் அதற்கு மேலே 'திட்டத்தை ஆதரித்த குடியிருப்புவாசிகள்' என்று தலைப்பு போட்டிருந்தார்கள். அந்தத் திட்டத்தில் அவர்கள் தெருவே கிடையாது. எதிர்த்து எழுதியிருக்க வேண்டும். அப்போது எழுதவில்லை.

உங்கள் பாடத்தில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய கட்டுரை இருக்கும். பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கியிருப்பார். ஏமாற்றி இணங்கவைப்பது கடைசிப் படி, அதிகாரம் மக்கள் கையில் இருப்பது உச்சிப் படி. நல்ல கட்டுரைதான், வகுப்பில் நானும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஏணி சாத்தியிருக்கும் இடத்திலிருந்தே ஒருவரை அப்புறப்படுத்திவிட்டால் அவர் எந்தப் படியில் ஏறுவது? நம் ஊரில் அதுதான் நடக்கிறது.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கடந்த கால் நூற்றாண்டில் நகரத்தின் நடுவிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் காலி செய்யப்பட்டன. கோட்டூர்புரம் சூர்யா நகரும் அதில் போனது. அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். ஆற்றுக்கு இடைஞ்சல் என்று சொன்னார்கள். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் அதே ஆற்றின் மேலேயே குறுக்காகப் போகிறது, அதை யாரும் இடைஞ்சல் என்று சொல்வதில்லை. சரி, வெள்ளத்திலிருந்து காப்பாற்றி எங்கே கொண்டுபோனார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிக்கு. மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர்தான்.

இதில் 'நீடித்த' என்கிற சொல்லுக்கு என்ன பொருள்? நடந்தும் சைக்கிளிலும் வேலைக்குப் போனவர்கள், தண்ணீரைக் குடத்தால் எண்ணிச் செலவழித்தவர்கள், நம் குப்பையிலிருந்து அட்டையையும் பாட்டிலையும் பிரித்துக் காயலான் கடைக்கு அனுப்பியவர்கள். சுற்றுச்சூழலுக்குக் குறைந்த சுமை தந்தவர்களை 20, 25 கிலோமீட்டர் தள்ளி எட்டு மாடிக் கட்டடத்தில் வைத்துவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் அதே வீடுகளுக்கு வேலைக்கு வரவைக்கிறோம். காலியான கரையில் சைக்கிள் பாதை போடுகிறோம். ஊரும் சேரியும் பிரிந்திருக்கும் கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் சொன்னதைப் படித்துவிட்டு, நகரத்தில் அது இல்லை என்று நினைத்தால் பெரும்பாக்கத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் பாருங்கள்.

அதனால் பங்கேற்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வரிசை மாற வேண்டும் என்கிறேன். இருக்கும் இடத்தில் தொடர்ந்து இருக்கும் உரிமை முதலில், சார்ட் பேப்பர் பிறகு. அதற்கு இங்கே சட்டமே உண்டு. 1971இன் குடிசைப் பகுதிகள் சட்டப்படி ஒரு பகுதி அறிவிக்கப்பட்டால் அங்கேயே வசதி செய்து தர வழி இருக்கிறது, நினைத்தபடி வெளியேற்றவும் முடியாது. சென்னையில் அந்த ஆண்டு 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17. அதோடு பல பத்தாண்டுகள் பட்டியல் நின்றுவிட்டது. 2021இல் வாரியத்தின் பெயரைத்தான் மாற்றினார்கள். பட்டியலில் இல்லாத தெரு வரைபடத்திலும் இல்லாமல் போவது இப்படித்தான். வடிவமைக்கப் போகிற நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்பதல்ல. 'இந்தத் தெரு எந்த ஆவணத்தில் இருக்கிறது' என்பதுதான்.

இன்னொன்று, பகுதி சபா. 2022இல் விதிகள் வந்து, அந்த நவம்பரில் கூட்டங்கள் தொடங்கின. குறைகள் நிறைய உண்டு. கவுன்சிலரைச் சுற்றி நாலு பேர் பேசிவிட்டுக் கலைவதும் நடக்கிறது. ஆனாலும் அது வாக்காளராக உள்ளே போகும் இடம், விருந்தாளியாக அல்ல. சொன்னதைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

அந்தக் குடியிருப்புக்கு இப்போதும் போகிறேன். அந்த 43 பேரிடமும் அறிக்கையைத் தமிழில் படித்துக் காட்டினேன். பலர் திட்டினார்கள், திட்டத்தான் செய்வார்கள். 31 பேர் 'நாங்கள் ஆதரிக்கவில்லை' என்று தனித்தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சிலர் வீடு மாறிப் போய்விட்டார்கள், இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அடுத்த பகுதி சபாவில் அந்தத் தாளையும் கேட்டைத் திறக்கச் சொல்லும் மனுவையும் மெஸ் அக்கா கொடுக்கப் போகிறார். தெருவை வீடு வீடாக அளந்து ஒரு வரைபடம் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். எனக்கு அளக்க வராது, உங்களுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். டேப் மட்டும் கொண்டுவாருங்கள், டீ அவர்களே போடுகிறார்களாம்.