ஓய்வும் உழைப்பும்



பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் தோன்றிய நாவுக்கரசர் எண்பத்தோராண்டு வாழ்ந்தார் என்பது மரபு. இறுதிவரை அவர் கையில் இருந்தது உழவாரப் படை. உ.வே. சாமிநாதையர் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றது 1919-இல். குறுந்தொகையைப் பதிப்பித்ததோ 1937-இல், தம் 82-ஆம் அகவையில்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பத்துப் பேருக்கு ஒருவர் அறுபதை எட்டியவர். அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-லிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் நிலை என்னவென்று கேட்போர் உளர், அக்கேள்வி நியாயமே. பதவியை இளையோர்க்கு விட்டுக்கொடுப்போம்; பட்டறிவை ஏன் வீணாக்க வேண்டும்?

நெய்வேலியில் இயந்திரத்தின் ஓசை கொண்டே பழுதறிந்தவர், குடியிருப்பை ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் வாளாவிருக்கிறார். முந்திரிக்கொட்டை உடைக்கும் மூதாட்டிக்கோ ஓய்வு வயதே இல்லை. ஓட்டின் எண்ணெய் விரலைப் புண்ணாக்க, கூலிக்காக உடைத்துக்கொண்டிருக்கிறார். முன்னவர்க்கு வேண்டுவது பணி. பின்னவர்க்கு வேண்டுவது ஓய்வூதியம். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை.

கவிஞர்களே, முதுமைக்கு இரங்கற்பா வேண்டா. இவ்விருவரையும் அடுத்த கூட்டத்திற்கு அழைத்து வாருங்கள். அவர்கள் பேசட்டும், நாம் எழுதிக்கொள்வோம்.