எழுதப்படாத குற்றம் கணக்கில் வராது

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குற்றம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பொலிஸ் ஒரு கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கில் வருவது புத்தகத்தில் எழுதப்பட்ட முறைப்பாடுகள் மட்டும்தான். நம் லயங்களில் நடப்பதில் எத்தனை அந்தப் புத்தகத்துக்குப் போகிறது?

காஸ் சிலிண்டர் களவு போகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வழியில் ஒருவன் தொல்லைப்படுத்துகிறான். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறான். பொலிஸுக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், ஓட்டோவுக்கும் காசு வேண்டும். போனவர்களுக்கும் "தோட்டத்துப் பிரச்சினையைத் துரையிடம் சொல்லுங்க", "நாளைக்கு வாங்க" என்ற பதில்தான் பல தடவை கிடைத்திருக்கிறது. எழுதினாலும், விளங்காத மொழியில் எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஒருமுறை அப்படித் திரும்பி வந்தவர் மறுமுறை போவதில்லை. முறைப்பாடு குறைந்தால், இங்கே குற்றமே இல்லை என்று ஆகிவிடும். பிறகு இரவு ரோந்து கேட்டால் யார் தருவார்கள்?

2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. இத்தனை பேர் கைது என்று தினமும் செய்தியில் சொன்னார்கள். போதைப்பொருளைப் பிடிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கசிப்பாலும் தூளாலும் அழிந்த குடும்பங்கள் நம்மிடமும் உண்டு. ஆனால் கைது எண்ணிக்கைதான் வேலை என்று ஆகிவிட்டால், அடிபட்ட பெண்ணின் முறைப்பாடு மேசையிலேயே கிடக்கும். 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்களும் அந்த நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். முறைப்பாட்டை வாயால் சொன்னாலும் பொலிஸ் எழுத வேண்டும். சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். முடியாவிட்டால், எழுதியதை நமக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையொப்பம்.

தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை. வேலிச் சண்டை, தண்ணீர்ச் சண்டையைப் பேசி முடியுங்கள். ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ நடந்த கொடுமையைக் கோயில் வாசலில் வைத்துப் பேசி முடிக்காதீர்கள். அது பிணக்கு அல்ல, குற்றம்.

இனி நாம் செய்ய வேண்டியவை:

ஒன்று, முறைப்பாட்டுக்குத் தனியாகப் போக வேண்டாம். மொழி தெரிந்த ஒருவரைக் கமிட்டி கூட அனுப்பும்.

இரண்டு, திகதியையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்கி, கமிட்டிக் கொப்பியில் எழுதுங்கள். எழுத மறுத்தால், மறுத்த நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். அதை வைத்துத்தான் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு முறையிட முடியும்.

மூன்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நம் தோட்டத்திலிருந்து எத்தனை முறைப்பாடு பதிவானது, எத்தனை நீதிமன்றம் போனது என்று சங்கம் கேட்கும். அந்தப் பதிலையும் நம் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அவசரத்துக்கு 119. பெண்கள், சிறுவர் தொடர்பான பொலிஸ் பிரிவுக்கு 109. சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இந்த மூன்று இலக்கங்களையும் இன்று இரவே காம்பரா கதவில் எழுதி ஒட்டுங்கள். கொப்பி நாளை முதல் மாதர் தலைவியிடம் இருக்கும்.