முதற்படி



நம் சங்கம் 25 ஆண்டுகளாக ஆற்றியுள்ள கல்விப்பணி போற்றுதற்குரியது. ஆயினும் நம் உழைப்பு பெரும்பாலும் பத்தாம் வகுப்பிற்கும் கல்லூரிக்குமே சென்றது. ஏணியின் மேற்படிகளைச் செப்பனிட்ட நாம் முதற்படியைப் பார்க்கத் தவறினோம். மூன்று வயதுக் குழந்தையின் பாலர் கல்வியே அம்முதற்படி.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதற்கில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 இடங்களில் தொடங்கிற்று. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று சிற்றூர்க் குழந்தைகளுக்கு வந்தது. செப்டம்பர் 15 முதல் நகரங்களுக்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்திற்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. 2019-இல் நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றன.

எனினும் நகரத்தின் குறை வேறு. சிற்றூரின் குறை வேறு. நகரில் இடமில்லை. குடிசைப் பகுதிகளில் பல மையங்கள் வாடகை அறையில் நடக்கின்றன, ஓடியாட முற்றமில்லை. விடியலில் வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்க்கு மைய நேரம் ஒத்துவருவதில்லை. பக்கத்துத் தனியார் பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துகிறாள்.

சிற்றூரில் கட்டடம் உண்டு. அது எங்கே நிற்கிறது என்பதே வினா. ஊர்த் தெருவில் நின்றால் நம் காலனிக் குழந்தைக்கு அது தொலைவு. பத்து வயதுச் சிறுவன் கடக்கும் சாலையை மூன்று வயதுக் குழந்தை தனியே கடக்குமா? களையெடுக்கச் சென்ற தாய் எப்படிக் கைப்பிடித்து அழைத்து வருவாள்? அத்தொலைவில் சாதியும் அடங்கியிருக்கிறது.

இதன் விளைவை ஒன்றாம் வகுப்பில் கண்டு வருகிறோம். மையத்தில் பழகிய குழந்தை கதை கேட்கிறது, பாட்டுக்குக் கைதட்டுகிறது. பழகாத குழந்தை வாயிலைப் பார்த்து அழுகிறது. அறிவில் அதற்குக் குறைவில்லை, பழக்கந்தான் இல்லை. அதனை 'மந்தம்' என்று ஆசிரியர்கள் எழுதிவிடுவதுண்டு. நாமும் எழுதியிருக்கிறோம், வருந்துகிறோம்.

கல்வி பெறும் அடிப்படை உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வயதினருக்குக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று மட்டுமே, 2002-இல் திருத்தப்பெற்ற அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஆணை நமக்குத் துணை. புதிய மையங்களுக்கு இடம் காண்கையில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றது. மையமில்லாத சிற்றூரிலும் குடிசைப் பகுதியிலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருப்பின், கேட்ட மூன்று மாதங்களுக்குள் மையம் அமைக்க வேண்டும் என்றும் பணித்தது.

கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே இளைஞர்களே, ஒரு குறிப்பேட்டுடன் வீடு வீடாகச் செல்லுங்கள். ஆறு வயதுக்குட்பட்டோரை எண்ணுங்கள். பெயர், வயது, மையத்திற்குள்ள தொலைவு ஆகியவற்றை எழுதுங்கள். பெற்றோர் கையொப்பத்துடன் மாவட்ட ஆட்சியருக்கு மனு அளியுங்கள். கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். 40 பேர் இல்லையெனில் குறு அங்கன்வாடி கேளுங்கள். நகரத்து இளைஞர்கள் மைய நேரத்தையும் இடத்தையும் குறித்துக் கேட்கட்டும்.

நம் சங்கத்தின் பொன்விழாவை நடத்தப் போகிறவர்கள் இன்று மூன்று வயதுக் குழந்தைகள். அவர்களை இன்றே எண்ணத் தொடங்குவோம்.